காரத்தேனும் பழைய கடிதமும்

ரெட்டிபாளையம்
12.1.2025

என் அன்புத் தேவிக்கு ஜெயா ஆசையோடு எழுதுவது.

நலம்தானே? சத்யா ஆறாவது போனதிலிருந்து பெரிய மனுஷி மாதிரி பேசுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பி வை. உன் மாமியாருக்கு முழங்கால் வலி தேவலையா? அரும்பாவூரில் அறுப்பு முடிந்துவிட்டதா?

போனில் ஐந்து நிமிடத்தில் பேசிவிடலாம்தான். ஆனால் நீ திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் போன் தர மாட்டார்கள் என்பதால் எழுத ஆரம்பித்தோமே, ஆறு வருஷமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. முக்கியமான பேச்சென்றால் என் கை பேனாவைத்தான் தேடுகிறது.

முக்கியமான பேச்சு இதுதான். என்னுடைய ‘ஜெயா வீட்டு அடுப்பு’ சேனல் உனக்குத் தெரியும். ஒன்றரை வருஷத்தில் எழுபது வீடியோ போட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் பார்ப்பவர்கள் நூறு பேர். அதில் பாதி என் சித்தி பிள்ளைகள். இவர் சிமென்ட் ஆலை ஷிஃப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, “இன்னிக்கி எத்தன பேரு பாத்தாங்க?” என்று கேட்பார். சொன்னால் சிரிப்பார். கேலிதான், தெரியும். ஆனால் குழந்தை இல்லாத வீட்டில் பகல் எவ்வளவு நீளம் என்பது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

போன வாரம் நீ கொடுத்தனுப்பிய காரத்தேனை அடைக்குத் தொட்டுக்கொள்ளப் பக்கத்து வீட்டு ஜானகிக்குக் கொடுத்தேன். “என்னங்க இது, மொதல்ல இனிக்குது, அப்புறம் பொறுத்து வந்து உறைக்குது!” என்று விரலை நக்கிக்கொண்டே கேட்டாள். அப்போதுதான் தோன்றியது. இதை வீடியோவாகப் போட்டால் என்ன? நான் செய்து பார்த்தேன், நுரைத்துப் புளித்துவிட்டது. உன் செய்முறையை ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. இல்லை என்று சொல்லிவிடாதே.

உன்
ஜெயா


அரும்பாவூர்
19.1.2025

அன்புள்ள ஜெயா,

கடிதம் வந்தது. எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் தேவலை. அறுப்பு பாதி முடிந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் சரத்துக்கு வயலை விட்டு நிமிர நேரமில்லை.

புளித்துப் போனதற்குக் காரணம் சொல்கிறேன். நீ பச்சை மிளகாய் போட்டிருப்பாய். அதில் தண்ணீர் இருக்கிறது. தேனுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகக் கூடாது. காய்ந்த நீட்டு மிளகாய் பத்து எடுத்துக்கொள். துணியால் துடைத்துக் காம்பைக் கிள்ளிவிட்டு, அரைநாள் வெயிலில் போடு. உங்கள் பக்கம் லாரிப் புழுதி அதிகம், மேலே ஒரு வேட்டித் துணி மூடு. சுக்காகக் காய்ந்ததும் விதையோடு கரகரப்பாக இடி, மாவாக்கிவிடாதே. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுட வைத்து இறக்கிவிட்டு, அதற்குள் கால் லிட்டர் தேன் இருக்கும் சில்வர் கிண்ணத்தை வை. அடுப்பின் மேல் தேனை நேராக வைக்காதே. விரல் விட்டால் பொறுக்கிற சூடு வந்தவுடன் மிளகாயைப் போட்டுக் கிளறி மூடிவிடு. மூன்று நாள் அப்படியே இருக்கட்டும். பிறகு வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்று. ஈரக் கரண்டி படக் கூடாது. நான் பச்சைமலைத் தேன் போடுகிறேன். அங்கே கிடைக்காவிட்டால் நல்ல தேன் எதுவானாலும் சரி.

வீடியோவில் ஒன்றைக் கட்டாயம் சொல்: ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கொடுக்கக் கூடாது. அங்கன்வாடியில் தாய்மார்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது.

எழுதும்போது அந்தப் பத்து நாள் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மாத்திரையில் நாக்கு மரத்துப்போய், சோறும் மண்ணும் ஒன்றாக இருந்த நாட்கள். நீதான் வந்து கூடவே கிடந்தாய். தோசைக்கு வேறொன்றும் இல்லையென்று தேனில் காய்ந்த மிளகாயை நசுக்கிப் போட்டு வாயில் ஊட்டினாய். உறைப்பு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை ஆரம்பமாக வைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் வரை அழுதேன். பிள்ளை போன பிறகு அதுதான் முதல் அழுகை. அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் அது நமக்குள் இருக்கட்டும், ஜெயா. இந்த ஊருக்கு நான் காமாலையில் கிடந்தவள். சத்யாவுக்கும் அப்படித்தான் தெரியும். ஒரு தோழி சொன்ன செய்முறை என்று மட்டும் சொல், போதும்.

அன்புடன்
தேவி


ரெட்டிபாளையம்
9.2.2025

என் தங்கத் தேவிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர்! எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று ஜானகியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். நம் காரத்தேன் எங்கெங்கோ போய்விட்டது, தேவி. மலேசியாவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்.

நேற்று அரியலூர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ஓடி வந்து, “அக்கா, நீங்க ஜெயா வீட்டு அடுப்புதானே?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. எனக்குக் கால் தரையில் இல்லை. என்னை இதுவரை ஆலைக்காரர் ராஜவேலின் பெண்டாட்டி என்றுதான் சொல்வார்கள். நேற்றுத்தான் முதன்முதலாக ஒருவர் என்னை என் பெயரை வைத்துத் தேடி வந்தார். இவரும் இப்போது எண்ணிக்கை கேட்டுச் சிரிப்பதில்லை.

செய்முறை எல்லாம் நீ எழுதியபடியே. உன்னைப் பற்றியும் இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறேன். பெயர் சொல்லவில்லை, பயப்படாதே. உங்கள் பக்கம் நெட் இழுக்காது என்பாயே, அதனால் லிங்க் அனுப்பவில்லை. மாசி மகத்துக்கு வரும்போது என் போனிலேயே காட்டுகிறேன்.

தேன் ஆறு பாட்டில் வேண்டும். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. சத்யாவுக்கு முத்தம்.

மகிழ்ச்சியோடு
உன் ஜெயா


அரும்பாவூர்
17.2.2025

ஜெயா,

வீடியோவைப் பார்த்துவிட்டேன். உன் போனில் இல்லை. மலர்கொடியின் போனில்.

மலர்கொடி யாரென்று உனக்குத் தெரியாது. என் அங்கன்வாடிக்கு மூன்று வயது மகளை அனுப்புகிறவள். போன திங்கட்கிழமை பிள்ளையை விட வந்தவள் போகாமல் வாசலிலேயே நின்றாள். “டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க கையெழுத்துதானே?” என்று போனை நீட்டினாள்.

தினமும் காலையில் நான்தான் பலகையில் ‘இன்றைய உணவு’ என்று எழுதுகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் எடை அட்டையிலும் என் எழுத்து இருக்கிறது. நீ பெயர் சொல்லவில்லை, சரி. தோழிக்கு அரும்பாவூர் பக்கம், அங்கன்வாடியில் வேலை என்றாய். பிறகு என் கடிதத்தைக் கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தாய். அதற்குமேல் பெயர் எதற்கு?

அதுவும் எந்தக் கடிதம்! இப்போது எழுதியது இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதியது. நீ அதைத் தேடி எடுத்திருக்கிறாய். வாசித்திருக்கிறாய், நிறுத்தி நிறுத்தி, பின்னால் ஒரு புல்லாங்குழல் வாசிக்க:

‘இன்றைக்கும் அந்தப் பிள்ளையின் வாசனை என் கையில் இருக்கிறது ஜெயா. பக்கத்து வீட்டுத் தொட்டிலிலிருந்து தூக்கும்போது அது என் பிள்ளை என்றுதான் நினைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியில் அதன் அம்மா கத்துவது கேட்டது. யாருக்கோ என்னவோ என்று பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.’

தா.பழூரில் என் அம்மா வீட்டுத் தெருவில் நடந்தது அது. பதினோரு நாள் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த வாரம். அந்தத் தெருக்காரர்கள் நாலு பேரைத் தவிர, என் அம்மாவையும் வீட்டுக்காரரையும் தவிர, உனக்கு மட்டும்தான் தெரியும். டாக்டர் எழுதச் சொன்னார், யாரிடம் மனம் திறக்குமோ அவருக்கு எழுது என்றார். உன் பெயரைச் சொன்னேன்.

மலர்கொடியின் போனை நின்றபடியே கையில் வைத்துக்கொண்டு ஏழு நிமிடமும் பார்த்தேன். ஒரு வயதுக்குள் பிள்ளைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பது வருகிறதா என்று கடைசிவரை காத்திருந்தேன். வரவில்லை. சொல் என்று கேட்டதைச் சொல்லவில்லை. சொல்லாதே என்றதைப் படித்துக் காட்டினாய்.

அன்று பதினெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். மறுநாள் பதினொன்று. இன்று ஆறு. சளி என்கிறார்கள், அம்மாயி வீட்டுக்குப் போயிருக்கு என்கிறார்கள். மலர்கொடி மட்டும் நேராகச் சொன்னாள்: “எனக்கு ஒன்னும் இல்ல டீச்சர். வூட்டுல அனுப்ப வேணாங்கறாங்க.” சூப்பர்வைசர் மேடம் வந்து, நான் இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று மெதுவாகக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் சாப்பிட்டு முடித்து நாலு வருஷமாகிறது என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.

அத்தைக்கு உன்மேல் கோபமில்லை, என்மேல்தான். “எழுதுனியே, அதுதான் தப்பு. வாயால சொல்லியிருந்தா காத்தோட போயிருக்கும்” என்கிறார். சரத் உனக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்கிறேன் என்றார். வேண்டாமென்று தடுத்துவிட்டேன்.

சத்யா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் கேட்டாள்: “அம்மா, அப்ப உனக்குக் காமாலை இல்லியா?”

அந்த வீடியோவை எடுத்துவிடு. இன்றைக்கே.

தேவயானி


ரெட்டிபாளையம்
22.2.2025

என் தேவிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அழுதேன். நீ ‘தேவயானி’ என்று கையெழுத்துப் போட்டதைப் பார்த்தபோதுதான் ரொம்ப அழுதேன்.

நான் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. செய்முறையை மட்டும் சொல்லி முதலில் ஒரு முறை எடுத்தேன். போட்டுப் பார்த்தால் எழுபதோடு எழுபத்தொன்று. உயிரே இல்லை. நீ அழுத அந்தச் சாயங்காலம்தான் இந்தத் தேனுக்கு உயிர் என்று எனக்குத் தோன்றியது. பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து உன் கடிதங்களை எடுத்தேன். படிக்கப் படிக்க எனக்கே தாங்கவில்லை. அப்படியே கேமராவை வைத்துவிட்டேன்.

கீழே பெண்கள் எழுதியிருப்பதை நீ படித்தாயா? ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை’ என்று நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். உன் ஒரு கடிதம் எத்தனை பேருக்கு ஆறுதல்! அதையும் கொஞ்சம் நினைத்துப் பார். ஊர் என்றால் நாலு நாள் பேசும், பிறகு விட்டுவிடும்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் எனக்கு வலிக்கிறது. நான் உன்னை வைத்துப் பெயர் வாங்கிக்கொண்டது போல எழுதியிருக்கிறாய். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது உன் அம்மாவே உன்னோடு தனியாக இருக்கப் பயந்தார்கள். கூடப் படுத்தவள் நான். தலைவாரிவிட்டவள் நான். எனக்கு இரண்டாவது முறை கலைந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது, ஞாபகம் இருக்கிறதா? உன் கதை என்கிறாய். அதில் பத்து நாள் என்னுடையதும்தான், தேவி.

போகட்டும். வீடியோவை இன்று காலை எடுத்துவிட்டேன். நான்கு லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இவர், “வேணாம் புள்ள, இதோட வுட்டுரு, ஒன்னும் பேசாத” என்கிறார். ஆனால் என் மனம் கேட்கவில்லை. உன் ஊர்க்காரர்கள் உன்னைத் தப்பாக நினைக்கக் காரணமானவள் நான். அதைச் சரி செய்ய வேண்டியவளும் நான்தான். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் செய்துவிடுகிறேன். என்னை நம்பு.

என்றும் உன்
ஜெயா


அரும்பாவூர்
12.3.2025

ஜெயசுதாவுக்கு,

நீ சரிசெய்ததைப் பார்த்தேன்.

‘என் தோழி தேவயானியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்’ என்று தலைப்பு. பெரம்பலூர் ஹாஸ்டலில் ரெட்டைச் சடையோடு நாம் எடுத்துக்கொண்ட போட்டோ. என் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம். நான் கெட்டவள் இல்லை, நோயில் செய்தது, இப்போது நல்ல டீச்சர் என்று நீ அழுதுகொண்டே சொல்கிறாய். மேஜைமேல் காரத்தேன் பாட்டில். முதல் வீடியோவில் நான் யாரென்று என் ஊருக்கு மட்டும்தான் புரிந்தது. இப்போது தா.பழூரில், நான் கதவைச் சாத்திக்கொண்டேனே, அந்தப் பிள்ளையும் பார்த்திருக்கிறது. அவனுக்கு இப்போது ஆறு வயது. அவன் அம்மா ஆறு வருஷமாக யாரிடமும் வாய் திறக்காதவள். என் அம்மாவிடம் வந்து, “நான் எம்புள்ளைக்கிட்டகூட சொல்லலியேக்கா” என்று அழுதிருக்கிறாள்.

அவளிடமிருந்து நான் பிள்ளையைப் பறித்தேன். அவள் என்னைக் காப்பாற்றினாள். நீ எனக்குச் சோறூட்டினாய்.

போன திங்கட்கிழமை தாய்மார்களை எல்லாம் அங்கன்வாடிக்கு வரச் சொன்னேன். சூப்பர்வைசர் மேடமும் வந்திருந்தார். சரத் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றார். பதினான்கு பேர் வந்தார்கள். பாயில் உட்கார வைத்து நான் நின்றுகொண்டே சொன்னேன்:

“அந்த எழுத்து என்னுதுதான். எம்புள்ள பதினோராம் நாள் போயிருச்சு. அதுக்கப்புறம் எனக்குப் புத்தி தெளிவா இல்ல. பக்கத்து வூட்டுப் புள்ளயத் தூக்கி ரெண்டு மணி நேரம் கதவத் தொறக்கல. அந்தப் புள்ளைக்கு ஒன்னும் ஆவல. நாப்பது நாள் ஆஸ்பத்திரி, ரெண்டு வருஷம் மாத்திர. தெளிஞ்சப்பறந்தான் இந்த வேலைக்கு வந்தேன். நாலு வருஷமா உங்க புள்ளைங்களக் குளிப்பாட்டியிருக்கேன், சோறூட்டியிருக்கேன். இனிமே உங்க இஷ்டம்.”

மலர்கொடிதான் கேட்டாள்: “இத மொதல்லயே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமுல்ல டீச்சர்?”

“சொல்லியிருந்தா புள்ளய அனுப்பியிருப்பியா?”

யோசித்தாள். “மாட்டேன்” என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். மறுநாள் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் முன்னால் விட்டுவிட்டுப் போனாள். இன்று ஒன்பது பேர் இருக்கிறார்கள். மற்றவர்கள் வருவார்களா தெரியாது. மேடம் என்ன எழுதப்போகிறார் என்பதும் தெரியாது.

சத்யாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தத் தம்பி பேரு என்ன?” என்றாள். நாங்கள் பெயர் வைத்திருக்கவில்லை என்றேன். இரண்டு நாளாக என்னை விட்டு நகராமல் சுற்றி வருகிறாள்.

நீ உன் கடிதத்தில் எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நாள் உன்னுடையதும்தான். மறுக்க மாட்டேன். உனக்குக் கலைந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை என்பதும் ஞாபகம் இருக்கிறது. நீ குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததை நான் கேட்டிருக்கிறேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் பத்து நாளைச் சொல்ல வேண்டுமென்றால் உன் அழுகையைச் சொல்லியிருக்கலாம். அது உன் கையிலேயே இருந்தது. என்னுடையதைத்தான் எடுத்துக் கொடுத்தாய்.

நான் உனக்குச் சாபம் விடவில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நலமா என்று கேட்பேன். ராஜவேல் அண்ணனைக் கேட்டதாகச் சொல். என் பழைய கடிதங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அவை இனி என்னிடம் இருந்தாலும் ஒன்றுதான், உன்னிடம் இருந்தாலும் ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தையும் நீ படித்துக் காட்டலாம். அதை நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அதனால்தான் ஊர் முன்னாலும் சத்யாவிடமும் நான் சொன்னதும், ஊருக்குத் தெரிந்ததும், உனக்கே தெரிந்ததும் தவிர வேறொன்றும் இதில் இல்லை.

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு விஷயம் தெரிய வந்திருக்கிறது. நல்லதுதான். அது என்னவென்று இதில் எழுத மாட்டேன். முன்பு மாதிரி இருந்தால் அன்றைக்கே முதலில் உனக்குத்தான் எழுதியிருப்பேன்.

இப்படிக்கு
தேவயானி சரத்குமார்